சித்தப்பா ஏற்றிய பூஸ்டர்கள்

சித்தப்பா முதலில் கை கழுவிக்கொள்வார். பிறகு கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். லிஃப்ட் பழுதுபார்ப்பவர், சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடித்துப் பழக்கம். வீட்டாரைத் திரைக்கு எதிரே நிற்கவிட மாட்டார். "இத்தனை பேர் மொறச்சுப் பார்த்தா அது எப்படி வேலை செய்யும்? கூச்சப்படாதா?"

சொந்தத்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் சித்தப்பாவுக்குத்தான் அழைப்பு. கூலி வேண்டாம், கிளம்பும்போது வாசல்வரை வந்து வழியனுப்பினால் போதும். அந்த மரியாதைக்காக மனிதர் கொட்டும் மழையிலும் வருவார். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பென்டிரைவிலிருந்து ஒரு பூஸ்டரை ஏற்றாமல் போகமாட்டார். கம்ப்யூட்டரை வேகப்படுத்தும் புரோகிராமாம். "சும்மா உள்ள கிடக்கட்டும். தெம்பா இருக்கும்."

இன்று அண்ணன் வீடு. ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாக மாற்றியதிலிருந்து கம்ப்யூட்டர் அசையமாட்டேன் என்கிறது. மௌஸை நகர்த்தினால் அம்புக்குறி நன்றாக யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. அண்ணன் மகளுக்கு இன்னும் சற்று நேரத்தில் அதில்தான் வேலைக்கான நேர்முகத் தேர்வு. அழும் நிலையில் இருந்தாள்.

"பதறாதம்மா. புது வீட்டுக்குக் குடிவந்த மாதிரி. எந்தச் சாமான் எங்கன்னு தேடிட்டு இருக்கு" என்று மின்விசிறியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பினார். அண்ணிக்கு வியர்த்துக் கொட்டியது. அம்புக்குறி யோசித்தபடியே நின்றது.

உள்ளே என்னதான் ஓடுகிறது என்று திறந்து பார்த்தார். எல்லாம் அவர் ஏற்றிய பூஸ்டர்கள். இத்தனை வருடம் தூங்கிக் கிடந்தவை, சிஸ்டம் மாறியதும் கூண்டோடு விழித்துக்கொண்டு, ஒன்றை ஒன்று கிருமி என்று நினைத்து விரட்டிக்கொண்டிருந்தன. 'பூஸ்டர்களால் வேகம் குறைகிறது' என்று ஒரு பூஸ்டரே அறிவித்தது. அப்படிச் சொன்னதற்காக இன்னொன்று அதைத் தடுத்து வைத்தது.

சத்தமில்லாமல் நீக்கிவிடலாம் என்றுதான் நினைத்தார். ஏற்றும்போது தன் பெயரைச் 'சித்தப்பா' என்று கொடுத்திருந்தது மறந்துபோயிற்று. 'சித்தப்பா, எங்களை விட்டுப் பிரிய முடிவு செய்துவிட்டீர்களா?' என்று திரை நிறையக் கேட்டது முதல் பூஸ்டர்.

"ஏன் சித்தப்பா, உங்ககிட்ட கேக்குது?" என்றாள் அண்ணன் மகள்.

"தெரிஞ்ச முகம்ல" என்றார்.

அடுத்ததும் கேட்டது. அதற்கடுத்ததும். அதற்குள் வீடே பின்னால் கூடிநின்று, "சித்தப்பா, எங்களை விட்டுப் பிரிய..." என்று கூட்டாகப் படிக்கத் தொடங்கியிருந்தது. யாரையும் துரத்த அவருக்குத் தெம்பில்லை. அவமானத்தில் காது சிவந்துவிட்டது.

"நான்தாம்மா காரணம். நல்லதுன்னு நெனச்சுப் போட்டேன்" என்றபடி கடைசிப் பூஸ்டருக்கும் 'ஆம்' என்று அழுத்தினார்.

அம்புக்குறி துள்ளி ஓடியது. தேர்வு தொடங்கிவிட்டது, உள்ளே அண்ணன் மகளின் குரல் தெளிவாகக் கேட்டது. நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினார்.

"தம்பி..."

அண்ணி வாசல்வரை வந்திருந்தார். சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. அண்ணி உள்ளங்கையை நீட்டினார்.

சித்தப்பா கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி, பென்டிரைவை ஒருமுறை ஊதித் தூசு தட்டி, அந்தக் கையில் வைத்தார்.