குளவி வராத கோடை

கல்யாணமாகி நான் ஆம்பூருக்கு வந்த முதல் கோடையில் ஒரு சொட்டு மழை இல்லை. பாலாற்றில் வெறும் மணல்தான். என் கணவருக்குத் தோல் பதனிடும் கிடங்கில் வேலை. தோல் ஊறவைக்க ஆலங்காயம் பக்கமிருந்து வண்டிகளில் வரும் ஆவாரம்பட்டையை முகர்ந்தும் முறித்தும் பார்த்து வாங்குவது அவர் பொறுப்பு. அவர் சட்டையில் பட்டை வாசனையும் தோல் நாற்றமும் சேர்ந்தே வீட்டுக்கு வரும். அந்த நாற்றம்கூடச் சீக்கிரம் பழகிவிட்டது. என் மாமியார் தினமும் காலையில் சமையலறை உத்திரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை பார்ப்பாரே, அதுதான் பழகவில்லை.

“இன்னா அத்தை பாக்குறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“குளவி வந்துதான்னுதான். வூட்ல குளவி கூடு கட்டுனா கொழந்த பொறக்கும். இந்த வருஷம் ஒண்ணுகூட எட்டிப் பாக்கலியே.”

நான் பிறந்த ஊர் காவேரிப்பாக்கம். ஏரியோரத்து ஊர் என்பதால் எந்தக் கோடையிலும் அங்கே சேறு உண்டு, குளவியும் உண்டு. இந்தப் பேச்சை அங்கேயும் கேட்டிருக்கிறேன். ஆனால் அங்கே என் சித்தி வீட்டில் மூலைக்கு மூலை குளவிக்கூடு. சித்திக்குப் பிள்ளையே இல்லை. அதை அத்தையிடம் சொல்லலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. கார்த்திகையில் பிள்ளை வரம் வேண்டி அத்தை என்னை விரிஞ்சிபுரத்துக்கு அழைத்துப்போய்க் கோயில் குளத்தில் முழுகவைத்து, ஈரச் சேலையோடு படுக்கவைத்தார். சளிதான் பிடித்தது.

அடுத்த வருஷம் சித்திரையிலேயே மழை பிடித்துக்கொண்டது. கத்திரி வெயில் போன இடம் தெரியவில்லை. கொல்லையெல்லாம் சேறு. எங்கிருந்துதான் அத்தனை குளவிகள் வந்தனவோ! வாயில் மண்ணுருண்டையோடு ரீங்காரம் போட்டுக்கொண்டு உத்திரத்தில் ஒன்று, சாமி படத்துக்குப் பின்னால் ஒன்று, கதவின் சாவித் துவாரத்தில் ஒன்று என்று கட்டித் தள்ளின. அத்தை முகம் மலர்ந்துவிட்டது. ஒட்டடைக் கோலை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். கதவைப் பூட்ட முடியாததால் யாராவது ஒருத்தர் வீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று.

பக்கத்து வீட்டில் உருது பேசும் அக்கா ஒருத்தர் இருந்தார். பேரன் பேத்தி எடுத்தவர். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, உங்க அத்தை சொல்றது நெஜமா? எங்க வூட்ல ஜாஸ்தி கட்டியிருக்குது. இந்த வயசுல எனக்கு இன்னா பேஜார் இது?”

சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளே வந்த பிறகு அழுகையும் வந்தது.

கணவரைக் கேட்டேன். “மழ பெஞ்சா மண்ணு ஈரமாவுது. ஈர மண்ணு கெடச்சா குளவி கட்டுது. பச்ச தழைஞ்சா புழுவும் ஜாஸ்தி, அதுக்குத் தீனி. போன வருஷம் மண்ணு காஞ்சு கெடந்துச்சு, வரல. அவ்ளோதான். இதுக்கும் உனக்கும் இன்னா சம்பந்தம்?” என்றார்.

அவர் சொன்னதுதான் சரி என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் காலை நல்ல மழை. ஆணியில் தொங்கிய குடையை எடுக்கப் போனவர் அப்படியே நின்றார். குடைத் துணியின் மடிப்பில் ஒரு மண்கூடு. குளவி உள்ளே நுழைவதும் வெளியே வருவதுமாக இருந்தது. ஒரு உதறு உதறினால் போயிருக்கும். அவர் குடையைத் தொடாமல், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நனைந்தபடியே கிடங்குக்குப் போனார். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே.

அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இவரே நம்புகிறார் என்றால் நான் எதை நம்புவது? வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வைகாசியில் நாள் தள்ளிப்போயிற்று. அத்தை என்னைக் குடம் தூக்க விடவில்லை. ஆனி பிறந்ததும் நான் கொல்லைப்புறம் ஒதுங்கி உட்கார வேண்டியதாயிற்று. அத்தை திட்டியிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். சோற்றை வைத்துவிட்டுப் போனவர், வழியில் உத்திரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் என்மேலா குளவிமேலா என்று தெரியவில்லை.

“மழைக்குத்தான் கட்டுதுன்னு சொன்னீங்களே, அப்புறம் ஏன் நனைஞ்சீங்க?” என்று அவரைக் கேட்டேன்.

துண்டை உதறிக் கொடியில் போட்டார். “தெரில,” என்றார்.

மூன்றாவது கோடை மறுபடியும் வறண்டு போயிற்று. கிணற்றில் வாளி தரை தட்டியது. சுவரில் ஒரு கூடு கிடையாது. வெயில் ஏற ஏறக் கிடங்குப் பக்கமிருந்து தோல் நாற்றம் தெருவை நிறைத்தது. பழகிப்போன நாற்றம்தான், ஆனாலும் எனக்குக் குமட்டியது. சோறு இறங்கவில்லை. சூடு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மோரும் வெந்தயமுமாகக் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காதான் ஒருநாள் என் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, “மோர் குடிச்சா போற சூடு இல்ல தங்கச்சி இது,” என்று சிரித்தார்.

அத்தை நம்பவில்லை. கூடே இல்லாமல் எப்படி? மருத்துவச்சி வந்து பார்த்து, பிள்ளைதான் என்று சொன்ன பிறகும் வீடு முழுக்கத் தேடினார். படங்களைத் திருப்பினார், அரிசிப் பானைக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினார்.

“கண்ணுல படாத எடத்துல கட்டியிருக்கும். டேய், மேல ஏறிப் பாருடா,” என்றார் மகனிடம்.

‘அவ்ளோதான்’ என்று எனக்குச் சொன்ன மனிதர் மறுபேச்சு பேசாமல் முக்காலிமேல் ஏறினார். ஓடுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, ரொம்ப அக்கறையாகத் தேடினார். தலையெல்லாம் தூசியோடு குனிந்து, “ஒண்ணும் காணோம்மா,” என்றார்.

மூன்று பேரும் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அப்புறம் அத்தை, “சரி, நீ உக்காரு,” என்று எனக்கு மணையை நகர்த்திப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார்.