பூசி மெழுகாத ஊசியக்கா

ஊசியக்கா ரத்தம் எடுத்தால் கொசுவுக்கே பொறாமை வரும். பரிசோதனை நிலையத்தில் அவள் முன்னால் உட்கார்ந்து, முகத்தைச் சுளித்து, கண்ணை இறுக மூடி, "எப்பம்மா குத்துவீங்க?" என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கேட்கும்போது அவள் குழாயில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருப்பாள். ஒரு கோடையில் ஏழெட்டுக் கொசுக்கள் சன்னல் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து அவள் கையையே உற்றுப் பார்த்தனவாம். அதில் மூத்தது ஒப்புக்கொண்டு தலையாட்டியதாம். தலையாட்டிய சங்கதியை வேண்டுமானால் தள்ளிவிடலாம். வரிசையாக உட்கார்ந்தது சத்தியம்.

அந்த வேலையில் அவள் கற்றது நரம்பைப் பற்றி மட்டுமல்ல, மனிதர்கள் பொய் சொல்லும் விதத்தைப் பற்றியும்தான். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள், "வெறும் வயித்தோடதானே வந்தீங்க?" என்று கேட்பார்கள். மீசையில் பிஸ்கட் தூள் ஒட்டியிருக்க, வந்தவர் பக்தியோடு தலையை ஆட்டுவார். ஊசியக்கா அப்படிக் கேட்பதே இல்லை. "காலையில காப்பிக்கு என்ன கடிச்சிக்கிட்டீங்க?" என்பாள். "ரெண்டே ரெண்டு பிஸ்கட்டும்மா" என்று பதில் தானாக வந்து விழும். "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

நாள் முழுக்க ஸ்பிரிட் வாடையிலேயே கிடந்த மூக்குக்கு வீட்டிலாவது வேறு வாசனை காட்ட வேண்டும் என்றுதான் ஒரு மூட்டை சோயா மெழுகுச் சீவல் வாங்கி வந்தாள். முதல் மெழுகுவத்தி நிலா போல வந்தது. அதாவது, குண்டும் குழியுமாக. இரண்டாவது, கண்ணாடிக் குவளைக்குள் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை பூத்தது. மூன்றாவதில் சுடர் நடுவில் கிணறு வெட்டிக்கொண்டு இறங்கிவிட்டது. சுற்றிலும் மெழுகு மதில் போல நிற்க, அடியில் திரி மூச்சுத் திணறிச் செத்தது. நான்காவது பார்க்க லட்சணமாக இருந்தது. ஏற்றினால் மட்டும் ஒரு வாசனையும் இல்லை.

அவள் வீட்டுக்காரர் சோபாவுக்கு உறை தைப்பவர். வாயில் எப்போதும் நாலு ஆணி இருக்கும். ஆணிகளுக்கு நடுவிலும் பேச்சு நிற்காது.

"இதுல எங்கம்மா வாசனை வருது?"

"மூக்கைக் கிட்டக் கொண்டு போங்க."

"இதுக்கு மேல போனா மீசை போயிடும்."

வேறு யாராக இருந்தாலும் மூட்டையைக் கட்டிப் பரணில் போட்டிருப்பார்கள். ஊசியக்கா விடவில்லை. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவாள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது சரி செய்தது, எது கெடுத்தது என்று தெரியாது. அது பரிசோதனை நிலையத்துப் பழக்கம். மெழுகைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல் சற்று ஆறவிட்டு ஊற்றினாள், மேல்பரப்பு சமமானது. குவளையை முன்கூட்டியே இளஞ்சூடாக்கிக்கொண்டாள், வெள்ளை குறைந்தது. அடியோடு போகவில்லை. சோயாவின் குணம் அது என்று விட்டுவிட்டாள். கிணற்றுக்குத் தடித்த திரி போட்டாள். முதல் தடவை ஏற்றும்போது, உருகின மெழுகு குவளையின் ஓரம் வரை போய்த் தொடுகிற வரைக்கும் அணைக்கக் கூடாது என்று கண்டுகொண்டாள். வாசனைக்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. வாசனை எண்ணெயை நிதானமாகக் கலக்கி, ஊற்றி, மூடி, இரண்டு வாரம் தொடாமல் வைத்தாள்.

"முட்டையா அடை வெச்சிருக்கே?" என்று வீட்டுக்காரர் தினமும் அலமாரியைத் திறக்கப் போவார்.

"திறந்தீங்கன்னா அடுத்த ரத்தப் பரிசோதனை உங்களுக்குத்தான்."

பதினைந்தாம் நாள் ஏற்றியபோது ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் கலந்த வாசனை, கதவுக்கு அடியில் புகுந்து, மாடிப்படி ஏறி, மூன்றாவது மாடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த தம்பதியைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பி வந்தது. சமாதானம் அரை மணி நேரம்தான் நீடித்தது. அதற்கு மெழுகுவத்தி என்ன செய்யும்?

ஒரு வருஷம் அவளுடைய சோதனை வாடைகளைப் பொறுத்துக்கொண்ட கட்டடத்து வீடுகளுக்கெல்லாம், வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். "ஒவ்வொரு தடவையும் திரியைக் கொஞ்சம் நறுக்கிட்டு ஏத்துங்க" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். கீழ்த்தளத்துப் பெரியவர் மட்டும் குவளையைக் குண்டு மாதிரி கையில் ஏந்திக்கொண்டு முறைத்தார். தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். கட்டடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் தண்ணிவண்டி. வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம். மனிதர் மோரைக்கூட யோசித்துத்தான் குடிப்பார்.

"ஏம்மா, நான் வாழ்நாள் பூரா அணைச்சதை நீ குவளையில ஊத்திக் குடுக்குறியா?"

"பிடிக்கலேன்னா ஏத்தாதீங்கண்ணே. பேப்பர் பறக்காம மேல வெச்சுக்குங்க."

மறுநாள் லிஃப்ட் பக்கத்தில், 'வீட்டுக்குள் திறந்த நெருப்பு ஆபத்து' என்று கட்டை எழுத்தில் ஒரு அறிவிப்பு தொங்கியது. குவளையை மட்டும் திருப்பித் தரவில்லை.

சில வாரம் கழித்து ஒரு விடுமுறை நாள் பிற்பகல். ஊசியக்கா சமையலறை மேசையில் தன் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். 'டிக்' என்று ஒரு சத்தம். குவளை மேலிருந்து கீழாக விரிசல் விட்டது. உருகின மெழுகு மேசையில் ஓடியது.

"கண்ணாடி மட்டமான சரக்கு" என்றார் வீட்டுக்காரர்.

அவள் முதலில் சுடரை அணைத்தாள். எல்லாம் ஆறின பிறகு, இடுக்கியால் திரியின் தகர அடிப்பாகத்தைத் தூக்கிப் பார்த்தாள். நடுவில் இருக்க வேண்டியது நகர்ந்து ஓரச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. சுடர் கண்ணாடியை நக்கியிருந்தது.

கட்டடத்து வீடுகளுக்குக் கொடுத்த அந்தக் கடைசி ஈட்டுக்கு, திரியின் அடியில் ஒட்டும் ஸ்டிக்கர் தீர்ந்துபோயிருந்தது. வீட்டுக்காரரின் பசைத் துப்பாக்கியை எடுத்து ஒட்டியிருந்தாள்.

"உங்க பசை சூட்டுல உருகுமா?"

"இது என்ன கேள்வி? சூட்டுலதானே உருகி வெளியவே வரு..." வாயிலிருந்து ஆணிகள் உதிர்ந்தன.

ஊசியக்காவுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. மேலே மெழுகு இருக்கிற வரை திரியை அதுவே பிடித்துக்கொள்ளும். மெழுகுவத்தி ராஜா மாதிரி எரியும். அடிக்கு வரும்போதுதான் பசை இளகி, தகரம் நகர்ந்து, சுடர் கண்ணாடியில் சாயும். அந்த ஈட்டில் ஒன்றையாவது அடிவரை எரித்துப் பார்க்காமல் கொடுத்தது அவள்தான். அவள் மெழுகுவத்தியை யார் ரொம்ப ஆசைப்பட்டு எரிக்கிறார்களோ, அவர்கள் வீட்டில்தான் முதலில் வெடிக்கும். ஷோகேஸில் வைத்தவர்கள் பிழைத்தார்கள்.

"பதறாதே" என்றார் வீட்டுக்காரர். "சும்மா விசாரிக்கிற மாதிரி போ. நல்லா எரிச்சவங்ககிட்ட மட்டும், வேற புதுசு தரேன்னு வாங்கிட்டு வந்துடு. எதுக்கு நம்ம பேரை நாமளே கெடுத்துக்கணும்?"

அவளும் அப்படியே போனாள். அன்றைக்கு அவள் செய்த ஒரே அசட்டுக் காரியம் அதுதான். கதவு கதவாகத் தட்டி, சிரித்த முகத்தோடு, "ஏத்துறீங்களா? எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"தினமும் ஏத்துறோம்க்கா" என்றாள் மேல்மாடிப் பியானோ டீச்சர். "அது இல்லேன்னா எங்களுக்குச் சாயங்காலமே கிடையாது."

சண்டைத் தம்பதி, "காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை" என்று அபூர்வமாக ஒரே குரலில் சொன்னார்கள். எல்லா வீட்டிலும் அதே பாட்டு. கீழே தண்ணிவண்டி மட்டும் கதவை ஒரு சாண் திறந்து, "நான் தொடவே இல்லம்மா. எங்கயோ கிடக்கு" என்று சொல்லிச் சாத்திக்கொண்டார்.

படியில் உட்கார்ந்தாள். எல்லாரும் தினமும் ஏற்றியிருந்தால் இந்நேரம் கட்டடமே பட்டாசுக்கடை மாதிரி வெடித்திருக்காதா? நெற்றியில் அடித்துக்கொண்டாள். 'வெறும் வயித்தோடதானே வந்தீங்க?' என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவள் பூசினாள்; அவர்கள் மெழுகினார்கள்.

எழுந்து நேராக மேல்மாடிக்கே போனாள். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"நான் குடுத்த மெழுகுவத்தியில கோளாறு இருக்கு. என் தப்பு. அடி வரைக்கும் எரிஞ்சா கண்ணாடி வெடிக்கும். குடுத்துடுங்க."

பியானோ டீச்சர் முகம் சிவக்க உள்ளே போனாள். நாடா கூட அவிழ்க்காத குவளை வந்தது. "ரொம்ப அழகா இருந்துச்சுக்கா... ஏத்த மனசு வரல."

சண்டைத் தம்பதி வீட்டில் அது கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுக் குவளையில் சின்னப் பிள்ளையின் பல் தடம் இருந்தது. மிட்டாய் என்று கடித்துப் பார்த்திருக்கிறது. ஒருவர் தன் மேலதிகாரிக்கே பரிசாகக் கொடுத்திருந்தார். அங்கே போன் போட்டால் அதிகாரியும் அதை வேறு யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்; ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிடச் சொல்லிவிட்டாள். கூடை நிறைய நிறைய, ஊசியக்காவுக்கு ஒரு பக்கம் நிம்மதி. மறுபக்கம், ஒரு வருஷம் பாடுபட்டதை ஒரு ஜீவன்கூட எரிக்கவில்லையே என்று நெஞ்சில் முள்ளாய் ஒன்று. அந்த முள்ளைப் பிறகு பிடுங்கிக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தாள்.

பாக்கி ஒன்றே ஒன்று. 'தொடவே இல்லம்மா.'

தினமும் ஏற்றுகிறேன் என்றவர்கள் எல்லாம் ஏற்றவில்லை. அப்படியானால் தொடவே இல்லை என்றவர்? அவர் கதவைத் திறந்த அந்த ஒரு சாண் இடைவெளியில் வந்த காற்று இப்போதுதான் அவள் மூக்குக்குப் புரிந்தது. ஆரஞ்சுத் தோல். கிராம்பு.

கூடையைப் போட்டுவிட்டுப் படி படியாகத் தாவினாள். ஒரு செருப்பு முதல் மாடியிலேயே நின்றுவிட்டது. மணியை அழுத்தினாள், உள்ளே அசைவில்லை. ஒரே ஒரு மணிச் சத்தத்துக்கே எழுந்து ஓடிப் பழகிய மனிதர். கையால் அறைந்தாள், முட்டியால் இடித்தாள். கடைசியில் கதவு திறந்தது. கன்னத்தில் மெத்தைத் தையலின் தடம்.

"தூங்கிட்டீங்களாண்ணே?"

"யாரு தூங்கினா? கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன்."

ஏற்றினீர்களா என்று அவள் கேட்கவில்லை. "எப்பலேருந்து இப்படி நல்லா யோசனை வருது?"

"நீ குடுத்த அன்னிலே..." என்றவர் வாயை மூடுவதற்குள், அவர் கைக்கு அடியில் புகுந்து உள்ளே போய்விட்டாள்.

சாய்வு நாற்காலியை ஒட்டி ஒரு முக்காலி. அதன் மேல் பழைய செய்தித்தாள் அடுக்கு. அடுக்கின் மேல் குவளை. சுடர் ஓரத்தில் சாய்ந்து கண்ணாடியில் கரி நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. கை எட்டும் தூரத்தில் சிவப்பு வாளியில் மணல் இருந்தது. தூங்குகிறவன் கைக்கு எந்தத் தூரம் எட்டும்? அருகில் ஒரு நகவெட்டி, நறுக்கின திரித் துணுக்குகள். கட்டடத்திலேயே அவள் சொன்னபடி செய்தவர் அவர் ஒருவர்தான்.

ஊசியக்கா மேசையில் கிடந்த தேநீர்த் தட்டை எடுத்து, குவளையைத் தொடாமல், நரம்பில் ஊசி இறக்குகிற நிதானத்தோடு அதன் வாயில் கவிழ்த்தாள். சுடர் சுருங்கி அணைந்தது. அவள் கையை எடுத்து ஒரு மூச்சு விடுவதற்குள், 'டிக்.' குவளை இரண்டாகப் பிளந்தது. சூடான மெழுகு செய்தித்தாளில் ஊறி இறங்கியது.

சுடர் இருந்திருந்தால் அடுத்து என்ன ஆகியிருக்கும் என்று அந்த அறையில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்ணிவண்டி மெல்ல உட்கார்ந்தார்.

"வேலையை விட்டு வந்ததுலேருந்து தூக்கம் இல்லம்மா. கண்ணை மூடினா மணி அடிக்குது. துணியெல்லாம் இன்னும் புகை நாத்தம் அடிக்கிற மாதிரி. இது ஒண்ணுதான்..." மூக்கைத் தடவிக்கொண்டார்.

"பசை என் தப்புண்ணே. அடி வரைக்கும் எரிச்சுப் பாக்காம குடுத்ததும் என் தப்பு."

"ஏத்திட்டுத் தூங்கினது?"

"அதை நான் சொல்லுவேனா? அதான் நீங்களே சொல்லிட்டீங்களே."

அவர் வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மேல யாருக்கும் தெரிய வேணாம்."

"என் கோளாறை மாடி மாடியா நானே சொல்லியாச்சு. உங்களோடது உங்க பாடு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "இந்தக் கட்டடத்துலயே நான் செஞ்சதை எரிச்சவர் நீங்க ஒருத்தர்தாண்ணே."

"அப்ப வேற எப்ப தருவே?"

"தூங்குறவங்களுக்குத் தர மாட்டேன்."

"பின்ன நான் எங்கதான் தூங்குறது?"

"எங்க வீட்டுல சோபாவுக்கா பஞ்சம்? லீவு நாள் மத்தியானம் அங்க வாங்க. நான் முழிச்சிருப்பேன்."

மறுபடியும் ஆரம்பித்தாள். அதே ரகத் திரி, அதே ரக மெழுகு, அதே ரகக் குவளை. சூடு தாங்கும் ஸ்டிக்கர் மட்டும் புதிது. இரண்டு வாரம் மூடி வைத்துத் திறந்த பிறகு, தண்ணிவண்டி மேற்பார்வைக்கு என்று மணல் வாளியோடு வந்து சேர்ந்தார். வாளியைக் காலடியில் வைத்து, "அடிக்கு வர்றப்ப என்ன ஆகுதுன்னு நான் பாக்கணும்" என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டுச் சோபாவில் சாய்வார். கால் மணிக்குள் சோபாவின் ஸ்பிரிங்கெல்லாம் குறட்டைக்குத் தாளம் போடும்.

கடைசி நாளும் அப்படித்தான். மெழுகு விரலளவாகி, நகத்தளவாகி, உருகின பளபளப்பாக மட்டும் நின்றது. வேறு யாருக்கும் இவ்வளவு தூரம் எரிக்கச் சொல்ல மாட்டாள். விரலளவு இருக்கும்போதே நிறுத்தச் சொல்வாள். தான் மட்டும் முடிவு வரை பார்த்தாக வேண்டும்.

"எழுப்பட்டுமா?" என்று ஆணிகளுக்கு நடுவே கிசுகிசுத்தார் வீட்டுக்காரர். "பாக்கணும்னாரே."

கண்ணைச் சுடரிலிருந்து எடுக்காமல் வேண்டாம் என்று கையசைத்தாள். திரி நட்ட நடுவில் நின்றது. சுடர் குறுகி, நீலமாகி, தானே அடங்கியது. அவள் காத்திருந்தாள். சத்தம் எதுவும் வரவில்லை. எட்டிக் குவளையைச் சுற்றி விரலால் தடவினாள். இளஞ்சூடு. ஒரு கீறல் இல்லை.

"இனிமே குடுக்கலாம்" என்றாள், குறட்டைக்குக் கேட்காத குரலில்.