லண்டனைக் காட்டிய ஒடாஹுஹு மேசை

டிக்கெட் விற்பது சுலபம்; பணத்தைக் கட்டியவர் நாற்காலியை விட்டு எழும்பாமல், "சரி, அங்கே போய் என்ன பார்க்கலாம்?" என்று கேட்கும்போதுதான் எங்கள் தொழில் ஆரம்பிக்கிறது.

தொண்ணூற்று மூன்றிலிருந்து ஆறு வருடம், நியூசிலாந்தில், ஒக்லாந்து நகரின் ஒடாஹுஹு கடைத்தெருவில் ஒரு சிறிய பயண முகவர் நிலையத்தில் வேலை பார்த்தேன். முன்மேசை என்னுடையது. பக்கத்து மேசை தேவியுடையது. அவள் மலேசியாவில் ஈப்போக்காரி. உள்ளறையில் முதலாளி, பீஜியிலிருந்து வந்த மனிதர். வாடிக்கையாளர்களில் பாதிப்பேருக்கு லண்டனில் ஒரு அண்ணனோ தங்கையோ இருந்தார்கள். அதனால் நான் லண்டன் நிபுணர் ஆனேன். நானோ யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஒக்லாந்து என்று வந்து சேர்ந்தவள். லண்டனைக் கண்ணால் கண்டதில்லை. கையிலிருந்தது நாலு விளம்பரப் புத்தகம், ஒரு வரைபடம், ஒரு வீடியோ கசெட். போகாத ஊருக்கு வழி சொல்லிவிட்டு, போனவர் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், நீங்கள் என் கட்சி. மேலே படியுங்கள்.

ஒரு விரல் தூரம்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். ஒக்லாந்தின் இன்னொரு பகுதியான பக்குரங்காவிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். கணவர் ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பது வருடம் தெருத்தெருவாக நடந்தவர், லண்டனையும் நடந்தே பார்க்க வேண்டும் என்றார். நான் பாதாள ரயில் வரைபடத்தை விரித்தேன். நிலையங்கள் ஒரு விரல் தூரத்தில் இருந்தால் நடவுங்கள், நாலு விரல் தூரமென்றால் ரயில் எடுங்கள் என்று சொல்லி, பென்சிலால் குறித்தும் கொடுத்தேன்.

அந்த வரைபடம் தூரத்துக்குப் போட்டதல்ல, ரயில் மாறுவதற்குப் போட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு விரல் தூரத்தை அவர்கள் ஒன்றே கால் மணி நேரம் நடந்தார்கள். நாலு விரல் தூரத்துக்கு லிஃப்டில் இறங்கி, இரண்டு ரயில் மாறி, மேலே ஏறி வந்து பார்த்தால், புறப்பட்ட இடம் தெருமுனையில் தெரிகிறது. ஒரு மாதம் கழித்து இருவரும் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்த அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "கவலைப்படாதே கண்ணு. கல்யாணம் முடித்த நாள்முதல் இந்த மனுஷன் யாரிடமும் வழி கேட்டதில்லை. நீ கேட்க வைத்துவிட்டாய்."

எல்லாம் பூட்டியிருந்த நாள்

மவுண்ட் வெல்லிங்டனில் குடியிருந்த ரமேஷ் சேலத்துக்காரர், கம்ப்யூட்டர் வேலை. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு டிசம்பரில் ஐந்து நாள் லண்டன் போக வேண்டும் என்றார். நான் மணிக்கணக்குப் போட்டுத் திட்டம் தட்டச்சு செய்தேன். இருபத்தைந்தாம் தேதிக்குக் காலையில் லண்டன் கோபுரம் என்ற பழைய கோட்டை, மதியம் அருங்காட்சியகம், பின்னேரம் தேம்ஸில் படகு. அந்தப் பக்கம்தான் மிக அழகாக அமைந்தது என்று எனக்குப் பெருமை வேறு.

அவர்கள் பறந்த பிறகு, இருபத்துநாலாம் தேதி காலை, தேவி கேக் தின்றுகொண்டே என் பிரதியை எட்டிப் பார்த்தாள். "என்னாக்கா இது? கிறிஸ்மஸ் அன்னிக்கு லண்டன்ல பஸ்ஸும் கிடையாது, ரயிலும் கிடையாது லா. எல்லாம் பூட்டு. என் அத்தைப் பொண்ணு அங்க நர்ஸ், நடந்துதான் வேலைக்குப் போவா" என்றாள். 'இருபத்தைந்தாம் தேதி எதுவும் இயங்காது, சாப்பாடு முன்கூட்டியே வாங்கி வையுங்கள்' என்று ஹோட்டலுக்கு ஃபாக்ஸ் அனுப்பினேன். பதில் இல்லை. மத்தியானம் அலுவலகத்தை இரண்டு வார விடுமுறைக்கு மூடினோம். இரண்டு கிழமையும், வயதான இரண்டு பேர் பூட்டிய கோபுர வாசலில் குளிரில் நிற்பதுபோலவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. என் கணவர் சிரிப்பூட்ட ஏதாவது பகிடி சொன்னாலும் எரிந்து விழுந்தேன்.

ஜனவரியில் ரமேஷ் வந்தார், கையில் புகைப்பட உறையோடு. என் ஃபாக்ஸை ஹோட்டலைக் காலி செய்யும் நாளில்தான் கொடுத்தார்களாம். முதல் படத்தில் அவருடைய அம்மா பட்டுச்சேலைக்கு மேல் மகனின் கோட்டைப் போட்டுக்கொண்டு, பெரிய மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு முன்னால் நடுத்தெருவில் நிற்கிறார். சுற்றிலும் ஒரு கார் இல்லை, ஒரு ஆள் இல்லை. அடுத்த படத்தில் அப்பா அதே தெருவின் நடு வெள்ளைக்கோட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். திறந்திருந்த ஒரே ஒரு பெட்டிக்கடையில் பாண் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிச் சாப்பிட்டு, நாள் முழுக்க நடந்திருக்கிறார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன்பே ரமேஷ் சொன்னார்: "மேடம், எங்கம்மாவுக்கு சேலத்துல ரோடு தாண்டறதுன்னாலே பயம். லண்டன்ல நடு ரோட்டுல கையை வீசிட்டு நடந்தாங்க. அடுத்த தடவையும் இதே தேதிக்கே போட்டுக் குடுங்க."

காணாமல் போன ஹோட்டல்

தொண்ணூற்றைந்து யூலையில் எங்கள் தமிழ் ஆட்கள் பதினாலு பேரைக் குழுவாக அனுப்பினோம். கூட்டிப் போனவர் சிவா என்ற பொறுப்பான மனிதர். எல்லாரும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை செய்து கொடுத்திருந்தேன். ஒரு பக்கம் ஹோட்டல் பெயரும் தொலைபேசி எண்ணும், மறுபக்கம் எங்கள் அலுவலக எண்.

ஒரு காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறக்கும்போதே ஃபோன் அடித்தது. சிவா. "அக்கா, பரமேஸ்வரி அன்ரியைக் காணேல்லை. அரண்மனையிலை காவல்காரர் மாறுறதைப் பார்க்கப் போன இடத்திலை சனத்துக்குள்ளை விட்டிட்டம். பகல் பதினொரு மணிக்கு. இப்ப இஞ்சை இரவு பத்தாகுது. பொலிசுக்கும் சொல்லியாச்சு." எங்களுக்கு அன்ரி முறையான அந்த அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. இங்கிலிஷ் விளங்கும், கதைக்கக் கூச்சப்படுவார். மகள் எங்கள் அலுவலகத்துக்கு நாலு தெரு தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கு யார் சொல்வது? முதலாளி உள்ளறைக்கும் வாசலுக்கும் நடந்தார். அட்டையில் நம்பர் இருக்கிறதே, ஏன் அன்ரி ஹோட்டலுக்கு அடிக்கவில்லை என்று யோசித்து, அட்டையையும் ஹோட்டல்காரர் அனுப்பிய கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடைசி இரண்டு இலக்கமும் இடம் மாறியிருந்தன. மாற்றித் தட்டச்சு செய்தவள் நான்.

முதலாளியிடம் போய், "என்ரை பிழை" என்றேன். அவர் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மகளிடம் போய்ச் சொல்வோம் என்று கோட்டை எடுத்தபோது தேவி, "யக்கா, மெஷின்ல லைட்டு மின்னுது" என்றாள். வந்தவுடன் விழுந்தடித்து ஃபோனை எடுத்ததில், அழைப்பவர் குரலைப் பதியும் எங்கள் பதில் மெஷினை ஒருவரும் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தினோம். அன்ரியின் குரல், சாவகாசமாக: "பிள்ளை, நான் பரமேஸ்வரி. நீர் தந்த நம்பருக்கு அடிச்சால் ஒரு மீன்கடைக்காரன் எடுக்கிறான். மூண்டுதரம் அடிச்சுப் பார்த்தன், மூண்டுதரமும் அவன்தான். இஞ்சை கடையிலை ஒரு தமிழ்ப் பிள்ளை நிண்டவ, தன்ரை வீட்டை கூட்டிக்கொண்டு வந்திட்டா. அவையின்ரை நம்பரைச் சொல்லுறன், எழுதும்."

எழுதினேன். அந்த வீட்டுக்கு அடித்தால் அன்ரியே எடுத்தார். இடியப்பம் சாப்பிட்டு, படம் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். ஹோட்டலின் சரியான நம்பரும் இடமும் சொன்னேன். வீட்டுக்காரர் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். முதலாளி என் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். தேவி அழுதாள், நானும் அழுதேன். என் குரல் அப்படியிருந்ததைக் கேட்டு அன்ரி கேட்டார்: "ஏன் பிள்ளை இப்பிடிப் பதறுறீர்? நான் துலையேல்லை. உங்கடை ஹோட்டல்தான் துலைஞ்சு போச்சுது."

குகனின் பாடம்

குகன் ஒடாஹுஹுவில் இறைச்சி பொதிசெய்யும் தொழிற்சாலையில் வேலை செய்த பையன். முப்பது வயதானாலும் எங்களுக்குப் பையன்தான். லண்டனில் இருந்த அக்காவைக் கண்டு ஒன்பது வருடம். இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இரண்டு தரம் விசா கேட்டு இரண்டு தரமும் இல்லையென்று கடிதம் வந்தது. அக்காவின் கல்யாணம் அவன் இல்லாமலே நடந்தது. பிறகு நியூசிலாந்துக் குடியுரிமை கிடைத்தது. புதுப் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தான். விசா தேவையில்லை என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை. "இறங்கின இடத்திலை மறிப்பாங்கள் அக்கா. என்னத்தைப் பார்க்க வந்தனி எண்டு கேட்டால் நான் முழுசக் கூடாது" என்றான்.

ஆகவே பாடம் தொடங்கியது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வருவான். கோபுரம் எத்தனை மணிக்குத் திறக்கும், அருங்காட்சியகத்துக்கு எந்த நிலையத்தில் இறங்க வேண்டும், படகு எங்கே கிளம்பும், எல்லாம் மனப்பாடம். தேவி மூக்குக்கண்ணாடியை நுனி மூக்கில் வைத்துக்கொண்டு அதிகாரியாக நடிப்பாள். முதல் நாள் அவளுக்கே பயந்து திக்கினான். போகும் கிழமைக்குள் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். ஒரு மாதம் கழித்து, அக்காவின் கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் படத்தைக் காட்டிவிட்டுச் சொன்னான்: "இறங்கின இடத்திலை அதிகாரி பாஸ்போர்ட் மட்டையைப் பார்த்திட்டு, ஹொலிடேயோ எண்டு கேட்டு முத்திரை குத்திப்போட்டுத் தந்திட்டான் அக்கா. பாடமாக்கினதைச் சொல்லாமல் எனக்கு அங்கையிருந்து நகர மனம் வரேல்லை. கோபுரம் ஒன்பது மணிக்குத் திறக்கும் எண்டன். அப்ப பிந்தாமல் போ எண்டான்."

அருளம்பலம் ஐயா பார்த்த லண்டன்

பக்குரங்காவில் மகளோடு இருந்தவர் அருளம்பலம் ஐயா. ஊரில் தபால் அதிபராக இருந்தவர், மனைவி தவறிவிட்டார். லண்டனில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டு வந்தார். அரண்மனையைச் சொன்னேன். "அரசியின்ரை வீட்டுக் கேற்றைப் பார்க்கவோ இவ்வளவு தூரம்?" என்றார். மெழுகுச் சிலைகள்? வேண்டாம். படகு? தண்ணீர் ஒத்துவராது. பிறகு வரைபடத்தின் வடமேற்கு மூலையில் விரலை வைத்து, "இந்தப் பக்கத்திலை பார்க்க ஒண்டும் இல்லையோ?" என்றார். அடுத்த கிழமையும் வந்தார், அதே மூலை. அங்கே வீடுகளும் கடைகளும்தான். "உங்களுக்கு அங்கை ஆரும் இருக்கினமோ ஐயா?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம்பி இருக்கிறார். தம்பியின் மகள் தான் விரும்பியவனைக் கட்டினாள். இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. "போகாதது போதாதெண்டு கடுமையாய் ஒரு கடிதமும் எழுதினன் பிள்ளை. பதினொரு வருசமாச்சு. அதைப்பற்றிக் கதையாதையும். பார்க்க ஏதும் இருக்கோ எண்டு மட்டும் சொல்லும்."

சொன்னேன். என் வாழ்க்கையில் நான் போட்ட மிக மோசமான சுற்றுலாத் திட்டம் அதுதான். முதல் நாள் சேலைக்கடைத் தெரு, இரண்டாம் நாள் ஒரு பூங்கா, மூன்றாம் நாள் அந்தப் பக்கத்துக் கோயில். தம்பியின் தெருப்பெயரை மட்டும் கேட்டு வாங்கி, மூன்று நாளும் அந்தத் தெருவால் நடந்து போகும்படி பாதையைப் போட்டேன். அவர் பார்த்தார், தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். அவர் புறப்பட்ட பிறகு எனக்குப் பயம் பிடித்தது. அந்தத் தம்பி கதவைத் திறக்காவிட்டால்? ஊருக்குத் தெரியாமல் ஆறியிருந்த புண்ணை நான் போய்க் கிளறிவிட்டேனோ? பத்து நாள் செய்தியில்லை. பதினோராம் நாள் காலை அழைப்பு வந்தது. "பிள்ளை, திரும்பி வாற திகதியை ரெண்டு கிழமை தள்ளிப் போடும்" என்றார். பின்னால் யாரோ, "மூண்டு கிழமை எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்று சத்தம் போட்டார்கள். நான் திகதியை மாற்றினேன். மாற்றும்போது ஒரே விசையை இரண்டு தரம் தட்டினேன், கண்ணீர் அப்படி மறைத்தது.

திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கதையைச் சொன்னார். முதல் இரண்டு நாளும் வீட்டுக்கு முன்னால் மெதுவாக நடந்து கடந்து போய்விட்டார். மூன்றாம் நாள் வாசல் கேற்றடியில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்தாராம். நிமிர்ந்தால் தம்பி நிற்கிறார். "மூண்டு நாளாய் யன்னலாலை பார்த்துக்கொண்டு நிக்கிறன் அண்ணை. நீங்கள் உள்ளை வரப் போறியளோ, நான் வெளியிலை வரட்டோ?" அன்றைக்குச் சாப்பாடு போட்டது, அவர் கல்யாணத்துக்குப் போகாத அந்தத் தம்பி மகள்தானாம்.

பிறகு தம்பி அவரை அரண்மனை, கோபுரம், படகு எல்லாவற்றுக்கும் கூட்டிப் போனாராம். அதில் எது பிடித்தது, மற்றவர்களுக்குச் சொல்ல உதவும் என்று பேனையை எடுத்தேன். "எல்லாரும் இதைத்தான் கேக்கினம் பிள்ளை. தம்பிக்குத் தலை முழுக்க நரைச்சுப் போச்சுது. நான் அதைத்தான் பார்த்தனான்."

ஆறு வருடத்தில் நான் போட்டுக் கொடுத்த திட்டப்படி லண்டனைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை, ஆனால் போன அத்தனை பேரும் சுகமாகத் திரும்பி வந்தார்கள் என்பதால், என்னை ஒரு திறமையான வழிகாட்டி என்றே பக்குரங்காவில் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள்.