ஏழாம் வகுப்புக்கு ஒரு தராசு

கணக்கு டீச்சர் வேலையில் பாடம் நடத்துவது கொஞ்சம், சாமானுக்கு அலைவதுதான் மிச்சம். நீங்களும் வாத்தியார் என்றால் இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீர்கள். எக்ஸ் என்றாலே எங்கள் ஓடைப்பட்டிப் பிள்ளைகள் மிரள்கிறார்களே, கையால் தொட்டுப் படிக்கட்டும் என்று பள்ளியில் ஒரு காலி அறையைக் கேட்டு வாங்கினேன். தலைமையாசிரியர் சாவியோடு ஒரு கெடுவும் கொடுத்தார். கல்வி அதிகாரி வரும் நாளில் பிள்ளைகள் கணக்கைச் செய்துகாட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த அறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவிடுவாராம். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தட்டு ரெண்டு வேணும்

சமன்பாடு என்றால் தராசு. இந்தத் தட்டும் அந்தத் தட்டும் சமமாக நிற்கணும், அவ்வளவுதான் பாடம். ஆனால் தட்டுத் தராசுக்கு எங்கே போக? கம்பத்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எங்கே பார்த்தாலும் நம்பர் ஓடுகிற எடை மெஷின்தான்.

கடைசியில் உத்தமபாளையத்தில் இரும்புக்கடை பாய் பரணில் ஏறித் துழாவி, தூசி பறக்க ஒன்றை இறக்கினார். தும்மி முடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் டீச்சர், சம்பளம் பத்தலையா? காய்கறி யாவாரம் ஆரம்பிக்கப் போறீகளா?"

தெரியாததுக்குப் பை

தட்டில் வைக்க முதலில் புளியங்கொட்டை பொறுக்கினேன். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, தராசு ஒத்துக்கொள்ளவில்லை. சீச்சீ என்று கொட்டிவிட்டுக் கோலிக்குண்டுக்கு மாறினேன். அடுத்து, எக்ஸுக்கு மெல்லிய துணியில் சின்னப் பைகள் வேண்டும். உள்ளே நான் ஒளித்து வைக்கும் குண்டு எத்தனை என்று பிள்ளைகள் திறக்காமலே சொல்லணும்.

தையல்கார அக்காவிடம் போய், எல்லாப் பையும் ஒரே அளவாக இருக்கணும் என்று நச்சரித்தேன். உள்ளே என்ன போடுவீக என்று கேட்டார். "அது தெரியாதுக்கா, அதுக்குத்தான் பையே" என்றேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டார்.

"என்ன சாமான்னே தெரியாதாம், அளவுல மட்டும் நூல் பிசகக் கூடாதாம், நல்லா இருக்கு டீச்சர் கத!"

கழிவு

அதிகாரி வருவதற்கு முதல் நாள் ஒத்திகை. செய்துகாட்டப் பாண்டியம்மாளை நிறுத்தினேன். கெட்டிக்காரி, அப்பா திராட்சைத் தோட்டக்காரர். பைக்குப் பக்கத்தில் இருக்கும் குண்டுகளை எடு, அதே அளவு எதிர்த் தட்டிலும் எடு என்றேன். பை இருந்த தட்டில் மட்டும் எடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். தராசு டமால் என்று சாய்ந்தது. திரும்பச் செய்யச் சொன்னேன். திரும்பவும் டமால். எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. "ஏன்டி என் உசிர எடுக்குற, அந்தப் பக்கம் யாரு எடுப்பா?" என்று கத்தினேன்.

அவள் அசரவில்லை.

"திராட்ச எடை போடயில யாவாரிக கூடைக்கு, அழுகலுக்குன்னு எங்க பக்கம் மட்டுந்தான டீச்சர் கழிப்பாக?"

அதிகாரி வந்த அன்று

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் பார்த்தால் தலைமையாசிரியர் பெஞ்சுகளை வராந்தா வரைக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

அதிகாரி முன்னால் பாண்டியம்மாள் நின்றாள். இடது தட்டில் இரண்டு பை, மூன்று குண்டு. வலது தட்டில் பதினொன்று. இடது தட்டிலிருந்து மூன்றை எடுத்தாள். தராசு சாய்ந்தது. அப்படியே நின்றாள். போச்சு, அறை போச்சு என்று நினைத்தேன். மெல்லக் கையை நீட்டி வலது தட்டிலும் மூன்றை எடுத்தாள். மிச்சத்தை இரண்டாகப் பங்கிட்டு, பைக்கு நாலு என்றாள். அவிழ்த்துக் கொட்டினாள், நாலேதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிகாரி விடவில்லை. "அந்தப் பக்கம் எதுக்கும்மா எடுத்த?" என்றார்.

"யாவாரத்துல ஒரு பக்கந்தான் சார் கழிப்பாக, கணக்குல அப்பிடிக் கழிச்சா தராசு காட்டிக் குடுத்துரும்."

அறை எங்களுக்கே என்று ஆகிவிட்டது, ஆனால் வராந்தாவில் கிடக்கும் அந்தப் பெஞ்சுகளில் முழங்காலை இடித்துக்கொள்ளாமல் உள்ளே போகும் வழிதான் எனக்கு இன்னும் கண்டுபிடிக்க முடியாத எக்ஸ்.