கல்லறைக்கு நான்கு எல்லை

நோட்டரி ஆபீஸ் படியை நான் மூன்றாம் முறையாக ஏறியபோது, அத்தை கீழே ஆட்டோவுக்குள் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு ஜெபம் வரவில்லை. வாயில் வேறு வார்த்தைகள்தான் வந்தன. அத்தைக்குக் காது மட்டும் இன்னும் நன்றாகக் கேட்கும் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

அத்தை என் அப்பாவின் அக்கா. எண்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே என் அம்மா போய்விட்டாள். அவள் பிறந்த வீட்டார் தங்கள் ஊருக்கே எடுத்துப் போய் அடக்கம் செய்தார்கள். அன்றிலிருந்து என்னை வளர்த்தது அத்தைதான். நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துவிட்டது. இன்றைக்கும் இருவரும் ஒரே கட்டிலில்தான் படுக்கிறோம். நான் தூக்கத்தில் உதைக்கிறேன் என்று அவளும், அவள் கட்டில் முழுவதையும் பிடித்துக்கொள்கிறாள் என்று நானும் ஐம்பது வருஷமாகச் சண்டை போடுகிறோம்.

போன வருஷம் அவளுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, காப்பித் தம்ளரைக் கீழே வைக்காமலே, செத்தால் தன்னை எங்கே வைப்பார்கள் என்று கேட்டாள். கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்கு ஒரு குடும்பக் குழி உண்டு. அத்தையின் அப்பா, அம்மா, கடைசியாக என் அப்பா, மூவரும் அதில்தான். புதுக் குழி வெட்ட அங்கே இடமில்லை. பழைய குழியைத் திறந்து அதே குடும்பத்தாரை வைக்கலாம். அதற்கு வழியில்லை என்றால் ஊருக்கு வெளியே, சந்தாபுராவையும் தாண்டி ஒரு புது இடம் வாங்கிப் போட்டிருக்கிறார்கள், அங்கேதான் போக வேண்டும்.

"கல்லறைத் திருநாளுக்கு ஒசூர் பஸ் புடிச்சி வந்து எவ மெழுகுவத்தி கொளுத்துவா? எனக்கு எங்கம்மா பக்கத்துல படுக்கணும்டி" என்றாள்.

தனக்கென்று அவள் ஒரு புடவை கேட்டு நான் பார்த்ததில்லை. இதைத்தான் கேட்டாள். சரி, சர்ச்சின் பங்கு ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைத்துப் போனேன். முன்பு எப்போதோ இரண்டு குடும்பத்தார் ஒரு குழிக்காகப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அடித்துக்கொண்டார்களாம். அதிலிருந்து புதுச் சட்டம். குடும்பத்தில் மிச்சமிருக்கிற எல்லாரும் ஆட்சேபணை இல்லை என்று சத்தியப் பிரமாணம் எழுதி, நோட்டரி முத்திரையோடு கொண்டுவர வேண்டும். எல்லாரும் என்றால் எங்கள் வீட்டில் யார்? நான் ஒருத்திதான். என் அத்தையை அவளுடைய அம்மாவோடு வைப்பதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் சத்தியம் செய்ய வேண்டும். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வெளியே வந்தேன்.

பீன்யாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். அவர் முகத்தைச் சகித்துக்கொண்டு முதல் நாள் போனேன். நோட்டரியின் டைப்பிஸ்ட், நாற்பது வயது ஆள், இரண்டு பார்ட்டியும் நேரில் வர வேண்டும் என்றார். இதை நேற்றே போனில் கேட்டேனே, சரி வாங்க என்றுதானே சொன்னீர்கள் என்றேன். நீங்கள்தான் ஒரு பார்ட்டி, வாங்க என்றேன், வந்தீர்கள், இன்னொரு பார்ட்டி எங்கே என்றார்.

இரண்டாம் முறை அத்தையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஆபீஸ் மாடியில். அவளால் நாலு படிக்கு மேல் ஏற முடியாது. நான் மட்டும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு வழியாகத் தாள் அச்சாகி வந்தது. பார்த்தால், அத்தையை அவளுடைய அப்பாவுக்கே பெண்டாட்டி ஆக்கியிருக்கிறார். கம்ப்யூட்டரில் உள்ள படிவத்தில் பெண் என்றால் இன்னாருடைய மனைவி என்றுதான் வருமாம். அதற்குப் பிறகு ஓர் ஆண் பெயர் வேண்டுமாம். ஆதாரில் இருந்த ஒரே ஆண் பெயரை எடுத்துப் போட்டுவிட்டார். மாதாவே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்த ஸ்டாம்ப் பேப்பர் வீண். புதிது எடுக்கலாம் என்றால் சர்வர் டவுன். சாயங்காலம் மூன்றரை வரை ஆட்டோவில் காத்திருந்துவிட்டு, அத்தை பாத்ரூம் போக வேண்டும் என்றதும் வீட்டுக்குத் திரும்பினோம்.

மூன்றாம் முறை, அதாவது அன்று, மனைவி போய் மகள் வந்திருந்தது. நான் நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்குள், "மேடம், பவுண்டரி சொல்லுங்க. ஈஸ்ட் டு வெஸ்ட்?" என்றார்.

ஆட்சேபணை இல்லை என்பதற்கு அவரிடம் இருந்தது ஒரே படிவம். வீட்டு மனைக்கு உள்ளது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்து, எனக்கு வேண்டாம், அவனே எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதிக் கொடுப்பது. அதன் கடைசியில் சொத்து விவரம், நான்கு பக்க எல்லை. இது கல்லறை, ஆறடிக் குழி, இதற்கெல்லாம் எல்லை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். காலியாக விட்டால் சார் சைன் போட மாட்டார் என்றார். கீழே இறங்கினேன். அத்தை கண்ணைத் திறக்காமலே ஒப்பித்தாள். கிழக்கே பேண்டு மாஸ்டர் குடும்பம், மேற்கே மண்பாதை, வடக்கே காம்பவுண்டு சுவர், தெற்கே பெயர் அழிந்துபோன ஒரு சிலுவை. மேலே ஏறிச் சொன்னேன். எல்லாவற்றையும் டைப் அடித்துவிட்டு, கார் பார்க்கிங் உண்டா என்று கேட்டார். அந்த ஆளை அன்று நான் அடிக்காமல் விட்டது அத்தையின் ஜெபமாலையின் பலனாகத்தான் இருக்க வேண்டும்.

அச்சான தாளை நான் படிக்கவில்லை. மகள் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

நோட்டரி ஆனேக்கல்காரர், வயதானவர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுவார். தன் கண் முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால், முனகிக்கொண்டே கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, ரிஜிஸ்டரோடு ஆட்டோவுக்கே இறங்கி வந்தார். படித்தீர்களா என்று கேட்டார். படித்தோம் என்று துணிந்து பொய் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஸ்வல்ப, கொஞ்சம் இருங்கம்மா. நான் படிச்சிக் காட்டாம சைன் வாங்கறதில்ல."

பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் இன்னும் எவ்வளவு நேரம் என்று என்னைப் பார்த்தார். நோட்டரியோ வரி வரியாக இங்கிலீஷில் படித்து, ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லைகளைக் கேட்டு அத்தை தலையாட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடைசிப் பத்திக்கு வந்தார். மேற்படி சொத்தில் இரண்டாவது பார்ட்டிக்கு இன்றைக்கும் சரி, இனி எந்தக் காலத்திலும் சரி, எந்த உரிமையும் பாத்தியமும் கிடையாது, கேட்கவும் மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

அத்தை கண்ணைத் திறந்தாள். இரண்டாவது பார்ட்டி யார் என்று கேட்டாள். அவர் என்னைக் காட்டினார்.

நீட்டியிருந்த பேனாவை அத்தை மடியில் போட்டுக்கொண்டாள். "அப்ப இவ எங்க படுப்பா?"

அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கையெழுத்தைப் போடு என்றேன். முடியாது என்றாள். எனக்கு இருந்த பொறுமையெல்லாம் அங்கேயே தீர்ந்தது. உனக்காகத்தானே நாயாக அலைகிறேன், நான் எங்கே கிடந்தால் உனக்கென்ன, மின்சாரத்தில் போட்டு எரித்துவிட்டுப் போகட்டும் என்று நடுத்தெருவில் கத்தினேன். லாரிக்காரன்கூட ஹாரனை நிறுத்திவிட்டான். கத்திய பிறகுதான் எனக்கே உறைத்தது. ஐம்பத்தேழு வயதாகிறது. என்னை எங்கே வைப்பார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. யார் வைப்பார்கள் என்றும் யோசித்ததில்லை.

நோட்டரி ஆட்டோவின் முன்கம்பியில் ரிஜிஸ்டரை வைத்து, அதன்மேல் தாளை வைத்து, அந்தப் பத்தியைப் பேனாவால் குறுக்கே அடித்தார். ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த டைப்பிஸ்ட், சார், பார்மேட் போயிடும் என்றார். போகட்டும் என்றார் இவர். பிறகு அத்தையிடம், ஒரே குழியில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்குமா, சர்ச்சில் கேட்டீர்களா என்று மெதுவாக விசாரித்தார்.

"அதெல்லாம் இருக்கும். நான் தள்ளிப் படுத்துக்கறேன்" என்றாள் அத்தை. "இவதான் ஒதைப்பா."

சொல்லிவிட்டு, அடித்த இடத்தில் ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கையெழுத்துப் போட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள். நானும் போட்டேன். நோட்டரி என் பான் கார்டைத் தூக்கிப் பிடித்து, தாளையும் கார்டையும் மாறி மாறிப் பார்த்தார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை, கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொன்று போடுங்கள் என்றார்.