கற்பூரம் அணைத்த கை

மகளுக்கு இடது காது கேட்பதில்லை என்பதைக் கௌரி சந்தையில் வைத்துத்தான் கண்டுபிடித்தாள். ஜோன் தலோன் சந்தையில் சனம் நெரிந்துகொண்டிருந்தது. கத்தரிக்காய்க் குவியலின் முன்னால் நின்ற துஷாந்தினியை இடப்பக்கமாக நின்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. குரலை உயர்த்தி இன்னொரு தரம் கூப்பிட்டாள். மகள் காம்பைக் கிள்ளிப் பார்ப்பதிலேயே கவனமாக இருந்தாள். கௌரி கிட்டப் போய், தோளைப் பிடித்துத் திருப்பி, காதை மூடியிருந்த தலைமயிரை ஒதுக்கினாள். தோடு போட்டிருந்த இடம் அறுந்து, காதுச்சோணை இரண்டாகப் பிரிந்து காய்ந்திருந்தது. காதுக்குப் பின்னால் கன்றிப்போய் ஊதா நிறம்.

"என்னடி இது?"

"கதவு அடிச்சது, அம்மா."

"கதவுக்குத் தோட்டைப் பிடிச்சு இழுக்கக் கையும் இருக்கோ?"

அந்தக் கதவைக் கௌரிக்கு நன்றாகத் தெரியும். அவளும் வருடக்கணக்காக அதைத்தான் சொல்லிவந்தவள். புருசன் குணரத்தினம் இருந்த காலத்தில் அவள் கதவில் மோதினாள், குளியலறையில் வழுக்கினாள், பனியில் விழுந்தாள். அவன் பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்த அன்று, ஊர்ச்சனம் கேட்க ஒப்பாரி வைத்து அழுதாள். அழுது முடித்து அடித்துப்போட்டது போல நித்திரை கொண்டாள்.

வேலைத்தலத்தில் அவளோடு ஒருத்தரும் வாய் கொடுப்பதில்லை. லாசாலில் ஒரு கோழித் தொழிற்சாலையில், கொக்கியில் தலைகீழாக நகர்ந்து வரும் உடல்களில் தொடை மூட்டை அறுப்பது அவளுடைய பகுதி. ஒருமுறை பக்கத்தில் நின்ற ஒருத்தன், உன் நாட்டுக்கே திரும்பிப் போ என்று அவள் சப்பாத்தின் மேல் துப்பினான். கையில் இருந்த கோழியால் அவன் முகத்தில் ஓங்கி அறைந்தாள். மூக்குடைந்து அவனுடைய வெள்ளை மேலங்கி சிவந்தது. அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் குணரத்தினத்தின் பெல்ட்டுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு இருந்தாள். இது ஏன் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டதில்லை.

இப்போது மகள் கேட்டாள்.

"அப்பா அடிக்கேக்கை நீங்கள் வெளிக்கிட்டுப் போனனீங்களோ? என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு பாத்ரூமுக்குள்ளை பூட்டிக்கொண்டு இருந்தனீங்கள். நானும் இருக்கிறன். விடுங்கோ."

கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு அவள் நடந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்த கௌரி, உடுப்பு மாற்றாமல், தொலைபேசியைக் கையில் எடுத்தாள். பொலிசுக்கு அடிக்க மூன்று எண்தான். இரண்டை அழுத்தியபோது டெலாவின் மகன் கண்முன் வந்து நின்றான்.

டெலா ஒரு நாவலில் வருகிற பெண். பார்க் எக்ஸ்டென்ஷன் நூலகத்தில் ஓர் அறையை எடுத்து, சனிக்கிழமைகளில் தமிழ்ப் பெண்களுக்குக் கதை சொல்லிவந்தாள் பிரியம்வதா. தமிழ்நாட்டுக்காரி. ஆற்றுப் பாலத்துக்கு அங்காலே புரோசார்ட்டில் சொந்த வீடு, பல்கலைக்கழகத்தில் அமெரிக்க இலக்கியம் படிப்பிக்கிற வேலை. கறுப்பர்கள், மெக்சிகோக்காரர்கள், வியட்நாமியர், அந்த மண்ணின் பழங்குடிகள் என்று அமெரிக்காவில் ஒதுக்கப்பட்டவர்கள் எழுதிய நாவல்களை அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சொல்லுவாள். ஆங்கிலம் வாசிக்காத பெண்கள் தேத்தண்ணீரை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பண்ணையில் பழம் பிடுங்குகிறவள் முதலாளியிடம் அடிவாங்கினால் "இவள் எங்கட ஆள்" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் தன் பெயரை மாற்றிச் சொல்லுகிற பிள்ளை வந்தால், "எங்கட வீட்டிலையும் ஒண்டு இருக்கு" என்று சிரிப்பார்கள்.

டெலா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிற கறுப்பினத்தவள். தங்கையைப் புருசன் கழுத்தை நெரிக்கிறான் என்று பொலிசைக் கூப்பிடுகிறாள். வந்த பொலிசுக்குக் கதவைத் திறந்தது, அந்த நேரம் தங்கை வீட்டில் நின்ற டெலாவின் மகன். அவன் கையில் டீவி ரிமோட். அதைத் துப்பாக்கி என்று நினைத்து வாசற்படியிலேயே சுட்டுப் போடுகிறார்கள்.

"அவள் போன் எடுத்திருக்கக்கூடாது," என்று அன்றைக்குக் கௌரி சொன்னாள்.

"எடுக்கலேன்னா தங்கச்சி செத்திருப்பாளே, கௌரி அக்கா," என்றாள் பிரியம்வதா. "வீட்டுக்குள்ளயும் அடி, வெளியிலயும் அடி. ரெண்டுக்கும் நடுவுல அவ நிக்கிறா. அதுதான் கதையே."

கௌரியின் காதில் அதெல்லாம் ஏறவில்லை. வாசற்படியில் ஒழுகிய இரத்தம் மட்டும் மனதில் நின்றது. இப்போது தொலைபேசியை வைத்துவிட்டு, ஊர்ச்சங்கத் தலைவர் சண்முகலிங்கத்தின் வீட்டுக்கு நடந்தாள்.

ஊர்ச்சங்கம் ஒரே ஊரிலிருந்து வந்தவர்களுடையது. செத்தவீடு, கலியாணம், சீட்டுச் சண்டை எல்லாம் அங்கேதான் தீரும். சண்முகலிங்கம் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார்.

"பொலிசுக்குப் போகாமல் என்னட்டை வந்தது புத்தி, தங்கச்சி. நாங்கள் கதைச்சு முடிப்பம். பெடியனைச் சத்தியம் பண்ண வைப்பம்."

ஞாயிறு மத்தியானம் வில்லரேயில் துஷாந்தினியின் வீட்டு வரவேற்பறையில் சங்கத்து ஆண்கள் வட்டமாக இருந்தார்கள். வடையும் தேத்தண்ணீரும் துஷாந்தினியே கொண்டுவந்து வைத்தாள், அடிவாங்கியவளே. மருமகன் கீர்த்திகன் தலைகுனிந்து இருந்தான். பார்க்க நல்ல பிள்ளை. லொறி ஓட்டுகிறவன். இங்கேயே வளர்ந்து, இந்த ஊர்க்காரன் போலவே பிரெஞ்சு பேசுவான். ஆனாலும் டிப்போவில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "கறி" என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு அங்கே சிரித்துவிட்டு வருவான். சிரித்ததற்கான கூலியைத் துஷாந்தினி வாங்குவாள்.

தட்டில் கற்பூரம் எரிந்தது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனிக் கை வைக்கமாட்டேன் என்று அவன் சொல்ல வேண்டும். அதற்குள் கூரையில் இருந்த புகை அலாரம் கத்தத் தொடங்கிவிட்டது.

"டேய், துவாயை விசுக்குங்கோடா! பக்கத்து வீட்டுக்காரன் தீயணைப்பைக் கூப்பிடப் போறான்!" என்று சண்முகலிங்கம் கத்தினார். ஒருவர் கதிரையில் ஏறித் துவாயை வீச, மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரிக்க, அந்தச் சத்தத்துக்குள்ளே கீர்த்திகன் கையை அடித்தான். சத்தியம் செய்தானா, உதட்டை அசைத்தானா என்று யாருக்கும் கேட்கவில்லை. கையில் கொஞ்சம் கொப்பளித்தது. "சரி, முடிஞ்சுது," என்றார் சண்முகலிங்கம். முடிந்துவிட்டது என்று கௌரியும் நம்பினாள்.

அடுத்த சனிக்கிழமை நூலகத்தில் அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். பிரியம்வதாவின் முகம் வெளிறிப் போனது.

"அக்கா, காது போற அளவுக்கு அடிச்சிருக்கான். கற்பூரம் வெச்சு அனுப்பிட்டீங்களா? போலீஸ்ல சொல்லலையா?"

"நீங்கள்தானே டீச்சர் கதை சொன்னனீங்கள். பொலிஸ் வந்து பிள்ளையைச் சுட்ட கதை."

"அது அவங்க கதை. அந்த ஊர், அந்தத் துப்பாக்கி. நம்ம கதை வேற."

"நம்ம எண்டு ஆரைச் சொல்லுறியள்? நீங்கள் பாலத்துக்கு அங்காலை, சொந்த வீட்டிலை இருக்கிறியள். உங்களைக் கண்டால் பொலிஸ் 'மடாம்' எண்டும். எங்கட பெடியளை றோட்டிலை மறிச்சுக் காரைத் திறந்து பாக்கிறவங்கள். நீங்கள்தான் டெலா எங்கட ஆள் எண்டு எங்களை அழவச்சனீங்கள். இப்ப வேற ஆளோ?"

பிரியம்வதா புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு, "நீங்க சொல்றது சரிதான்," என்றாள். "ஆனா டெலாவோட தங்கச்சிய யாரும் நினைக்கலையே, அக்கா. பையன் செத்ததும் எல்லாரும் அவனுக்காக அழுதோம். அவ கழுத்துல இருந்த கை என்னாச்சுன்னு நானும் சொல்லல, நீங்களும் கேக்கல."

கௌரி எழுந்தாள். கைப்பையோடு ஒரு சாக்குப் பையும் கொண்டு வந்திருந்தாள். இடியப்பம் பிழிகிற உரல் கேட்டிருந்தாள் மகள். கனமான மரத்தில் கடைந்த பழைய உரல். பையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் பஸ் பிடித்தாள்.

வில்லரே வீடுகளின் மேல்மாடிப் படிகள் தெருப்பக்கமாக வெளியே தொங்கும் இரும்புப் படிகள். முன்தினம் பெய்த பனி அதில் இறுகியிருந்தது. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே பழக்கமான ஒரு மணம் இருந்தது. தொழிற்சாலையில் இறகு பொசுக்குகிற மணம். எரிந்த தோல்.

துஷாந்தினி குசினித் தரையில், அடுப்போடு சாய்ந்து இருந்தாள். வலக் கையை ஈரத்துவாயில் பொத்தியிருந்தாள். கழுத்தில் விரல் அடையாளங்கள் வரிவரியாக. அடுப்பின் மின்சுருள் இன்னும் சிவந்திருந்தது. கீர்த்திகன் மேசையில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தான்.

"வாங்கோ மாமி," என்றான். "உங்கட ஆக்களுக்கு முன்னாலை என்ரை கையைச் சுட வச்சியளெல்லே. இவவுக்கும் சத்தியம் பண்ணப் பழக்கினனான். வீட்டுக் கதையை வெளியிலை கொண்டுபோகமாட்டன் எண்டு."

கௌரி துவாயை விலக்கிப் பார்த்தாள். உள்ளங்கையில் சுருளின் வளையங்கள் அப்படியே பதிந்து, வெண்மையாய், தோல் உரிந்து கிடந்தது.

"தம்பி, எழும்பு," என்றாள்.

"எழும்பி?"

சாக்குப் பையோடே உரலைச் சுழற்றினாள். முதல் அடி சோற்றுக் கையில் விழுந்தது. மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது. அந்தச் சத்தத்தோடுதான் அவள் தினமும் வேலை செய்கிறாள். அவன் கதிரையோடு சரிந்து, எழுந்து, மற்றக் கையால் அவளுடைய தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவளுக்கு வாயில் இரத்தம் உவர்த்தது. மயிரை அவன் கையிலேயே விட்டுவிட்டுத் திரும்பவும் அடித்தாள். தோள்மூட்டில், முழங்காலில், பல்லில். பை கிழிந்து உரல் வெளியே வந்தது. அவன் கதவைத் திறந்துகொண்டு ஓடினான். பனிப்படியில் கால் வழுக்க, இரும்பில் இடித்து இடித்துத் தெருவரைக்கும் உருண்டான்.

பொலிசைக் கூப்பிட்டது கீழ்வீட்டுக்காரி. வந்தவர்கள் கண்டது, நடைபாதையில் இரத்தத்தில் கிடந்து நல்ல பிரெஞ்சில் முறையிடுகிற ஓர் இளைஞனை. படியின் உச்சியில் இரத்தம் ஒட்டிய மரக்கட்டையோடு நிற்கிற ஒரு கறுத்த மனுசியை. கௌரி உரலைப் படியில் வைத்துவிட்டு, இரு கைகளையும் விரித்து, கண்ணை மூடிக்கொண்டாள். வெடி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கைவிலங்கின் குளிர் மட்டும் வந்தது.

ஒரு பொலிஸ்காரி அவளைப் படியால் இறக்கினாள். கீர்த்திகன் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி பிரெஞ்சில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். கௌரிக்கு அதில் விளங்கியது "பைத்தியம்" என்கிற சொல் மட்டும்தான். அவளுக்குத் தன்னைப் பற்றிப் பயம் இருக்கவில்லை. மேலே நிற்கிற மகள், கதவு அடித்தது என்று சொல்லிவிட்டால்? தன்னைக் கொண்டுபோய் அடைத்த பிறகு, முறிந்த கை ஒட்டிய பிறகு, இவன் இந்தப் படியால் திரும்ப ஏறுவான்.

துஷாந்தினி வெறுங்காலோடு வாசலுக்கு வந்தாள். பொலிஸ்காரி அண்ணாந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். துஷாந்தினி தாயைப் பார்த்தாள். கூட்டம் சேர்ந்துவிட்ட தெருவைப் பார்த்தாள். பிறகு துவாயை உதறிப் போட்டுவிட்டு, எரிந்த உள்ளங்கையை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிவந்து பேசத் தொடங்கினாள். பிரெஞ்சில், மெதுவாக, தான் வேலை செய்கிற குழந்தைகள் காப்பகத்தில், கார்டரியில், சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற தொனியில்.

"வாயைப் பொத்தடி நாயே!" கீர்த்திகன் தமிழில் கத்தினான். "வீட்டை வா, நாக்கை அறுத்துப்போடுறன்!"

பொலிஸ்காரி அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் சொன்னது என்ன என்று கேட்டாள்.

துஷாந்தினி அதையும் ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னாள்.