மாத்திரையும் ஜப்பான் தேநீரும்

ஜப்பானில் வேலை பார்க்கும் மகள் அனுப்பிய பச்சைத் தேயிலையில் நான்தான் வீட்டில் தேநீர் போடுவேன். கொதித்த நீரை ஐந்து நிமிடம் ஆறவிட்டு, இலையைப் போட்டு, அறுபது எண்ணி வடிகட்டுவேன்.

என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய்க் கட்டி. ரத்தம் ஏறினால்தான் அறுவை சிகிச்சை என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரையை அந்தத் தேநீரோடு இருவேளையும் கொடுத்தேன். அறுபத்திரண்டு நாளில் ஒரு வேளையும் தவறவில்லை.

தருமபுரி ஆஸ்பத்திரியில் சோதித்தபோது ரத்தம் ஏறவே இல்லை. கட்டி வளர்ந்திருந்தது. அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்தார்கள்.

"மாத்திரைய எதுலங்க போடறீங்க?" என்று நர்ஸ் கேட்டார். சொன்னேன்.

"டீயோட போட்டா சத்து ஒடம்புல சரியா ஏறாதுங்க ஐயா. தண்ணியில போடணும்னு சீட்டுலயே இருக்குதுங்களே."

சீட்டில் எத்தனை வேளை என்பதை மட்டும்தான் நான் படித்திருந்தேன்.

பென்னாகரம் பஸ்ஸில் மனைவியிடம், "டீ கசக்குதுன்னாவது சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா வேற டீ போட்டு மறுபடியும் மொதல்ல இருந்து அறுபது எண்ணுவீங்க. அதுக்குக் குடிச்சிட்டுப் போறதே மேலுன்னு இருந்தேன்" என்றாள்.

அடுத்த தேதி வருவதற்குள் நோய் முற்றி, போய்விட்டாள்.

பிடிக்கிறதா என்று முதல் நாளே கேட்டிருந்தால், வெறும் தண்ணீரே போதும் என்றிருப்பாள். நான் கேட்கவில்லை.